படங்களுக்கு நான் வைத்த பெயர்கள்

எங்கள் கல்லூரி ஆண்டு மலரின் ஆசிரியர் குழுவில் ஐந்து பேர். நான்கு பேர் குழுப் படம் எடுத்த அன்றைக்கு மட்டும் வந்தார்கள். ஐந்தாவது ஆள் நான். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். ஆக, மலரில் வேலை செய்தவன் படத்தில் இல்லை, படத்தில் இருந்தவர்களுக்கும் மலருக்கும் சம்பந்தம் இல்லை. இந்த ஏற்பாடு எனக்கு நான்கு நாள் எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மலரை உண்மையில் செய்தவர், பக்கங்களை அமைக்கிற லேஅவுட் அக்கா. மாடிப்படிக்கு அடியில் இருக்கிற பதிப்பு அறையில் அவரும் ஒரு கணினியும் குடியிருந்தார்கள். அங்கே இருந்த மின்விசிறிக்கு இரண்டே வேகம்: ஒன்று நிற்கும், இல்லாவிட்டால் புயல். அதனால் கல்லூரி இதுவரை வாங்கிய பரிசுக் கோப்பைகள் எல்லாம் காகிதம் பறக்காமல் இருக்க மேசை மேல் உட்கார்ந்திருக்கும். அக்கா ஒன்பது வருடமாகத் தற்காலிகம். பதினோரு மாதத்துக்கு ஓர் உத்தரவு, ஒரு மாதம் வீட்டில், பிறகு மறுபடி ஓர் உத்தரவு. இந்த வருடம்தான் அவரை நிரந்தரமாக்கும் கோப்பு முதல்வர் மேசை வரைக்கும் போயிருந்தது. மலர் வெளியாகிற வாரம், வெள்ளிக்கிழமை, நிர்வாகக் குழு கூடிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"நிரந்தரம்னா என்ன வித்தியாசம்க்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பன்னெண்டாவது மாசமும் நான் உயிரோட இருக்கேன்னு அர்த்தம்."

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை படங்களை அடுக்குவது. வருடம் முழுக்க எடுத்த படங்கள் நாலாயிரத்து முந்நூறு. பக்கம் அமைக்கிற மென்பொருளில் இடது ஓரம் ஒரு பேனல் உண்டு. ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே இருக்கிற படங்கள் தீப்பெட்டி அளவில் வரிசைகட்டி நிற்கும். எதைத் தொட்டாலும் அடியில் ஒரு கட்டம் திறக்கும்.

"நல்லா கேட்டுக்க தம்பி," என்றார் அக்கா. "அந்தக் கட்டத்துல டேக் போடணும். படத்துல இருக்கறவங்க பேரு மட்டும். கடைசியில நான் ஒரு பொத்தானை அமுக்கினா, பக்கத்துல இருக்கற ஒவ்வொரு படத்துக்கும் அடியில அதுவே கேப்ஷனா போய் உட்கார்ந்துக்கும். நூத்தி எண்பது படத்துக்கு ஒண்ணொண்ணா அடிக்க எனக்குக் கை கிடையாது."

"இருக்கற ரெண்டும் எதுக்குக்கா?"

"உன்னை அறையறதுக்கு எடுத்து வெச்சிருக்கேன்."

முதல் நாள் ஒழுங்காகத்தான் போட்டேன். ஆனால் எங்கள் பேராசிரியர்களின் பெயர்கள் தனியாக வருவதில்லை, பட்டங்களோடு கூட்டமாக வரும். உடற்கல்வி இயக்குநரின் பெயர் ஒரு கட்டத்துக்குள் அடங்காமல் அடுத்த வரிக்கு வழிந்தது. அதுவும் போக, ஓர் ஆளை ஒரு படத்தில் பார்த்தால் அவர் ஓர் ஆள். அறுபது படத்தில் பார்த்தால் அவர் ஒரு பழக்கம். இரண்டாம் நாளிலிருந்து நான் பழக்கங்களுக்குப் பெயர் வைக்க ஆரம்பித்தேன். முதல்வருக்கு 'இடது மணிக்கட்டு'. துணை முதல்வருக்கு 'மூன்றாவது பொத்தான்'. உடற்கல்வி இயக்குநருக்கு 'மூச்சு'. மூன்று துறைத் தலைவர்களுக்குப் பொதுவாக 'அதே கோட்டு'. தேடுவதற்கு இதைவிட வசதி கிடையாது. 'மூச்சு' என்று தட்டினால் இயக்குநர் நாற்பத்தொரு படங்களில் அணிவகுத்து வருவார். நான் தனியாக உட்கார்ந்து அப்படிச் சிரித்தேன்.

இன்னொரு டேக்கும் இருந்தது. 'நீக்கணும்'. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அப்போதும் நான் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் விட்டேன்.

"பேரெல்லாம் போட்டாச்சா?" என்று அக்கா கேட்டார்.

"போட்டாச்சுக்கா," என்றேன். கறாராகப் பார்த்தால் அது பொய்கூட இல்லை. பெயர்தான் போட்டிருந்தேன். சனிக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவதாகத் திட்டம். சனிக்கிழமை கிரிக்கெட் போட்டி வந்துவிட்டது.

ப்ரூஃப் பார்த்தபோது கேப்ஷன் கட்டங்கள் காலியாக இருந்தன. பிழை திருத்தி முடித்த பிறகு அக்கா அந்தப் பொத்தானை அமுக்கினார். அச்சகத்து வண்டி வாசலில் நின்றது. தொண்ணூற்றாறு பக்கத்தையும் எனக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தார். "கேப்ஷன் மட்டும் ஒரு ஓட்டு ஓட்டிடுறியா தம்பி? எனக்குக் கண்ணு மங்குது. பார்த்துட்டுச் சொன்னாத்தான் வண்டியில ஏத்துவேன்." நான் மைதானத்தில் அடுத்து மட்டை பிடிக்கக் காத்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து நானே கூப்பிட்டு, "பார்த்துட்டேன்க்கா, பிரமாதம்," என்றேன். மட்டை பிடிக்கப் போன முதல் பந்திலேயே அவுட் ஆனேன். அதைத் தண்டனையாகக் கருத முடியாது. எப்போதும் அப்படித்தான் ஆவேன்.

திங்கட்கிழமை வெளியீட்டு விழா. ஆயிரத்து இருநூறு பிரதி. முதல்வர் முதல் பிரதியை உயர்த்திக் காட்டினார், கைதட்டல் எழுந்தது. அதற்குள் முன்வரிசையில் பிரித்துவிட்டார்கள். கைதட்டல் வழக்கமாக ஓய்கிற இடத்தில் ஓயாமல் சிரிப்பாக மாறியது. முதல்வரும் என்ன ஏது என்று பிரித்தார். அவருடைய முழுப்பக்கப் படத்துக்குக் கீழே, அழகான தடித்த எழுத்தில், 'இடது மணிக்கட்டு'.

அன்று மதியம் முதல்வர் அறையில் அக்கா நின்றார். ஆசிரியர் குழு என்ற பெயரில் நானும் நின்றேன்.

"இது என்ன?" முதல்வர் மலரைத் திறந்து முன்னால் தள்ளினார்.

"இடது மணிக்கட்டு, சார்," என்றார் அக்கா.

"படிக்க எனக்கும் தெரியும். என்னன்னு கேட்டேன்."

"தெரியலை சார்."

துணை முதல்வர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். "எனக்கு மூன்றாவது பொத்தான். சரி, அப்ப முதல் ரெண்டு பொத்தான் யாரு? அதைச் சொல்லுங்க!"

யாரும் சிரிக்கவில்லை. நான் உள்பட. அதில் பெரிய பாராட்டு எனக்குரியது.

முதல்வர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அது லேப் அண்ணனுக்கான பக்கம். ஆய்வக உதவியாளராக முப்பத்தொரு வருடம் இருந்துவிட்டு இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறவர். வாழ்த்துக்குக் கீழே நான்கு படம். நான்குக்கும் அடியில் ஒரே சொல். 'நீக்கணும்'.

"மத்ததெல்லாம் பொறுத்துக்கலாம். வேலையை விட்டுப் போற மனுஷனைப் பார்த்து இப்படிப் போட எப்படி மனசு வந்தது?"

அக்கா மலரைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "சார், கேப்ஷன் படத்தோட டேக்ல இருந்து வந்தது. நான் அடிக்கலை. படம் அடுக்கி டேக் போட்டது மாணவர் குழு." என் பெயரைச் சொல்லவில்லை. ஒரு தடவை என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை அது. பந்தியில் பரிமாறுகிறவரைப் பார்ப்பது போல, 'இங்கேயும் ஒருத்தர் இருக்கோம்' என்கிற பார்வை.

"என்னப்பா?" என்றார் முதல்வர் என்னிடம்.

"குழுவாத்தான் செஞ்சோம் சார். நான் தேதிவாரியா அடுக்கினேன்."

அவ்வளவு சுத்தமான வாக்கியத்தை என் வாழ்க்கையில் எழுதியதில்லை.

"நாளைக்குக் காலையில மெஷினைத் திறந்தே காட்டறேன் சார்," என்றார் அக்கா. "எந்த டேக் என்னைக்கு, எத்தனை மணிக்குப் போட்டதுன்னு அதுலயே நிக்கும்."

பதிப்பு அறைக்கு இரண்டு சாவி. இரண்டாவது என்னிடம் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு, அக்கா பேருந்துக்குப் போன பிறகு, உள்ளே போனேன். பாஸ்வேர்ட் அவருடைய மகள் பிறந்த தேதி. ஒரு தடவை அவருக்குக் கையெல்லாம் பசையாக இருந்தபோது, என்னை நம்பி உரக்கச் சொன்னது. தட்டினேன். பேனல் திறந்தது. டேக் பட்டியலில் என் கைவேலைகள் அகர வரிசையில் நின்றன, பக்கத்தில் எண்ணிக்கையோடு. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழி என்றேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. சரியான கேள்வி கேட்கத் தெரிந்த ஒரே ஜீவன் அன்றைக்கு அதுதான். ஆமாம் என்றேன். பட்டியல் காலியானது. இதில் எல்லாருக்கும் நன்மை, கசப்பான ஒரு விஷயம் அடியோடு மறைந்தது என்று எனக்கு நானே விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவன் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா துணை முதல்வரைப் பதிப்பு அறைக்குக் கூட்டிவந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மின்விசிறியை நிறுத்தினார். பேனலைத் திறந்தார். டேக்: பூஜ்யம். மூடித் திறந்தார். பூஜ்யம். வேறு ஃபோல்டர் திறந்தார். நான் கதவருகே நின்றேன். அம்புக்குறி திரையில் ஒவ்வொரு ஃபோல்டராக ஏறி இறங்கியது.

"நேத்து இருந்தது சார்."

"இன்னைக்கு இல்லையே."

"இருந்தது சார். நான் பார்த்தேன்."

"பார்த்தீங்க, ராத்திரியோட ராத்திரியா அழிச்சிட்டீங்க," என்றார் துணை முதல்வர். எழுந்தார். "தப்பு நடக்கிறது சகஜம்மா. அதை மறைக்கிறதுதான்... வெள்ளிக்கிழமை கமிட்டி இருக்கு. இதை நான் சொல்லாம இருக்க முடியாது."

அவர் போன பிறகு அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் தயாராக இருந்தது. அது பயன்படாமல் என்னிடமே தங்கிவிட்டது.

அன்று மாலை வீட்டில் என் அம்மா பிரதியைக் கேட்டார். மகன் ஆசிரியர் அல்லவா. பையில் திணித்து வந்திருந்த ஒன்றைக் கொடுத்தேன். அம்மா ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் பார்த்துக் கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"இதைப் போட்டவன் எந்தப் பாவிடா? அவனும் ஒரு அம்மா பெத்த பிள்ளைதானே?"

"தொழில்நுட்பக் கோளாறும்மா," என்றேன்.

தங்கை புத்தகத்தைப் பிடுங்கினாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் அவளுக்கு நான் 'ஈரத் துண்டு' என்று பெயர் வைத்திருக்கிறேன், குளித்துவிட்டு அதைக் கட்டில் மேல் போடுவதால். "மூன்றாவது பொத்தான்..." என்று படித்தாள். படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். "அம்மா! இந்தச் சாருக்கு மூணாவது பொத்தான் திறந்திருக்கு பாரு! உள்ள பனியன் தெரியுது!" பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "டேய் அண்ணா."

"என்ன?"

"இது உன் வேலை."

"போடி."

"ஈரத் துண்டு வெச்ச அதே ஆளுதான் இதையும் வெச்சிருக்கான்." அம்மா உள்ளே போகும்வரை காத்திருந்து குரலைத் தாழ்த்தினாள். "யாரு மாட்டினாங்க?"

அவள் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குத் துண்டைக் கொடியில் காயப்போட்டாள். அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, ஆனால் வலித்தது.

புதன்கிழமை முழுக்க, வகுப்புக்கு வகுப்பு பிரதிகளைப் பிரித்துக் கொடுத்து, ஸ்டிக்கர் ஒட்டினோம். தவறான கேப்ஷன் மேல் சரியான பெயர், கைக்குத் திரும்பி வந்த அத்தனை பிரதியிலும். பிரதிகளை மாணவர்களிடமிருந்து திரும்பப் பிடுங்கியதில் பல கசங்கியிருந்தன, சில வரவே இல்லை. பெயர்ப் பட்டியலை அக்கா தன் நினைவிலிருந்தே அடித்திருந்தார், பட்டங்கள் உள்பட. லேப் அண்ணனுக்கு ஒரு பெயர் உண்டு என்பதே எனக்கு அந்த ஸ்டிக்கரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மூன்று வருடமாக அவரை அண்ணே, அண்ணே என்றே கூப்பிட்டிருக்கிறேன்.

பதினோரு மணிக்கு அவரே பதிப்பு அறைக்கு வந்தார். ஒரு கோப்பையை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, தன் பெயர் போட்ட தாளை எடுத்துக்கொண்டார்.

"நீங்க எதுக்குண்ணே? விடுங்க," என்றார் அக்கா.

"லேப்ல வேலை இல்லம்மா. சும்மா இருந்தா கை அரிக்குது." ஒரு ஸ்டிக்கரைப் பிரித்து 'நீக்கணும்' மேல் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். நான் ஒட்டியதைப் பார்த்தார். "கோணலா இருக்கு தம்பி. ஓரத்தைப் பிடிச்சு நேரா ஒட்டு. அடியில இருக்கறது தெரியுது பாரு."

"சரிண்ணே."

"வீட்டுல சம்சாரம் ரொம்ப வருத்தப்பட்டா. நான் சொன்னேன், ஏண்டி, ஓய்வு பெறப் போறவனை நீக்கத்தானே போறாங்க, சரியாத்தான் போட்டிருக்கான்னேன்." அடுத்த ஸ்டிக்கரைப் பிரித்தார். "அவ சிரிக்கலை."

அக்காவும் சிரிக்கவில்லை. பேச்சை மாற்றுகிற மாதிரி, மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பையில் தன் பொருள்களை எடுத்துவைக்க ஆரம்பித்தார். தண்ணீர் பாட்டில், மகள் வரைந்த ஒரு படம், கண்ணாடி துடைக்கிற துணி.

"என்னம்மா, இப்பவே மூட்டை கட்டுற?"

"வெள்ளிக்கிழமை அவசரமா எடுத்தா ஏதாவது விட்டுப்போயிடும்ண்ணே."

நான் அன்றைக்கு முந்நூற்று நாற்பது ஸ்டிக்கர் ஒட்டினேன். அத்தனையும் நேராக.

வியாழக்கிழமை காலை முதல்வர் அறைக்குள் போனேன். யாரோ ஏணி மேல் ஏறி விளக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். துணை முதல்வரும் இருந்தார்.

"சார், டேக் போட்டது நான்தான். லேஅவுட் அக்காவுக்கு எதுவும் தெரியாது. திங்கட்கிழமை சாயங்காலம் அதையெல்லாம் அழிச்சதும் நான்தான்."

முதல்வர் பேனாவை மூடினார். "நீ நாலாவது ஆள்."

"சார்?"

"காலையில இருந்து மூணு பேரு வந்து நான்தான் செஞ்சேன், அக்காவை விட்டுடுங்கன்னாங்க. முதல் ஆள் அழுதான். ரெண்டாவது ஆள் நம்ம காலேஜே இல்லை, அவங்க தெரு. நீ அழக்கூட இல்லையேப்பா."

"சார், நிஜமா நான்தான்."

"போன வருஷம் காலேஜ் மணி காணாமப் போனப்பவும் நிஜமா நான்தான்னு எழுதிக் குடுத்த. மணி ரிப்பேருக்குப் போயிருந்தது." அது உண்மை. அந்தக் கடிதத்தை, கல்லூரிச் சுவரில் நான் ஒட்டிவந்த கேலிப் பத்திரிகையான சுவரொட்டிப் பத்திரிகையிலும் போட்டிருந்தேன். "அந்தம்மா மேல உங்களுக்கெல்லாம் பாசம் இருக்கு, நல்லது. ஆதாரம் இருந்தா சொல்லு."

ஆதாரத்தை அழித்தவனிடம் ஆதாரம் கேட்டார். வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் அரைப் பக்கம் எழுதியிருப்பேன். அப்போது தங்கை புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோனது நினைவுக்கு வந்தது.

"மூன்றாவது பொத்தான்னா என்னன்னு நான் சொல்றேன் சார். மேல இருந்து மூணாவது பொத்தான். துணை முதல்வர் சாருக்கு அது எப்பவும் கழண்டிருக்கும். விளையாட்டு விழா, கண்காட்சி, ரத்த தான முகாம், எல்லாத்துலயும். நாலாயிரம் படத்தையும் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்."

துணை முதல்வர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். முதல்வர் முகத்தில் ஏதோ அசைந்தது.

"அதே கோட்டு?"

"மூணு துறைத் தலைவரும் ஒரே கோட்டை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டுப் படம் எடுத்தாங்க சார். மூணுலயும் மேல் பாக்கெட்டுக்குக் கீழ ஒரே இடத்துல மைக்கறை."

"அப்ப எனக்கு?"

"படத்துல நீங்க எப்பவும் இடது கை கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டிருப்பீங்க சார். நீங்க பரிசு குடுக்கும்போதுகூட."

அவர் அப்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையை மெதுவாக மேசைக்கு அடியில் இறக்கினார். என்னை நம்பிவிட்டார்கள். நம்பவைத்த சந்தோஷம் எனக்கு மூன்று நொடி இருந்தது.

"நீக்கணும்?" என்றார் முதல்வர்.

"அது பட்டப்பேரு இல்லை சார்."

"என்ன அது?"

"வேலைக் குறிப்பு. விழாப் படங்கள்ல பின்னாடி யாராவது நின்னா படம் அழகா இருக்காது. கிராப் பண்ணணும். அதுக்கு அடையாளமா போட்டேன். பின்னாடி நின்னது..." நான் நிறுத்தினேன்.

"சொல்லு."

"எல்லாத்துலயும் லேப் அண்ணன்தான் சார். மைக் வயரைப் பிடிச்சுக்கிட்டு, திரையை இழுத்துக்கிட்டு, தட்டை ஏந்திக்கிட்டு. நூத்திப் பதினாறு படம். நூத்திப் பன்னெண்டுல வெட்டிட்டு டேக்கையும் எடுத்துட்டேன். மீதி நாலுல அவரை வெட்டினா சிறப்பு விருந்தினர் தோளும் போயிடும், அதனால விட்டுட்டேன். அந்த நாலுதான் மலர்ல வந்தது. ஏன் அவருக்கு நாலே படம்னு அக்கா கேட்டாங்க. கேமரா கூச்சம்னு சொன்னேன்."

ஏணி லேசாகக் கிறீச்சிட்டது. மேலே இருந்தது மின் ஊழியர். கீழே, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, நான் உள்ளே வந்ததிலிருந்து நின்றிருந்தவர் லேப் அண்ணன். அறைக்குள் நுழைந்தபோது நான் விளக்கைப் பார்த்தேன், ஏணியைப் பார்த்தேன், மேலே இருந்த ஆளைக்கூடப் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே பார்த்து, "மெதுவா இறங்குங்க, பிடிச்சிருக்கேன்," என்றார்.

எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மைதானத்திலிருந்து பேசிய போன் உள்பட. ஆசிரியர் பதவி போனது, சுவரொட்டிப் பத்திரிகைக்கு மூடுவிழா, இரண்டு வாரம் வகுப்புக்குத் தடை. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. நான்கு மணிக்கு அலுவலக உதவியாளர் ஒரு கவரோடு படிக்கட்டுக்கு அடியில் வந்தார். அக்கா அதைப் பிரித்து இரண்டு தடவை படித்தார், கோப்பைக்கு அடியில் வைத்தார், பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மறுபடி மேசை மேல் வைத்தார்.

"வாழ்த்துகள்க்கா," என்றேன் வாசலில் நின்று. வகுப்புக்குத்தானே தடை, வாசலுக்கு இல்லை.

"நீதான்னு எனக்குத் திங்கட்கிழமையே தெரியும்," என்றார். திரும்பவில்லை. "உன் பேரைச் சொல்லி, நீ இல்லைன்னு சொல்லிட்டா, தற்காலிகம் தப்பிக்கிறதுக்குப் பிள்ளை மேல பழி போடுதுன்னுதான் ஆகும். மெஷின் சொல்லட்டும்னு விட்டேன். மெஷினையும் நீ விட்டுவெக்கலை."

"மன்னிச்சிடுங்கக்கா."

"திங்கட்கிழமை நீ வாயைத் திறந்திருந்தா, எனக்குச் செவ்வாய்க்கிழமை வந்திருக்காது. அந்த ஆளு முன்னாடி பூஜ்யத்தைத் திறந்து திறந்து காட்டினேன் பாரு... அது இந்தக் காகிதத்தால போகாது தம்பி." பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார். "நாலாயிரத்து முந்நூறும் இருக்கு. கேமராவுல இருந்து வந்தபடியே. ஒரு டேக் கிடையாது, ஒரு வெட்டு கிடையாது. உன்கிட்ட ஒரிஜினலைக் குடுப்பேன்னு நினைச்சியா? ரெண்டு வாரம் உனக்கு வகுப்பு இல்லையாமே. உட்காரு."

உட்கார்ந்தேன். இந்தத் தடவை பெயர்கள். பட்டங்களோடு, வழிந்தாலும் பரவாயில்லை என்று. தெரியாத முகங்கள் நிறைய இருந்தன. தோட்டம் பார்ப்பவர், வண்டி ஓட்டுநர், ஒரே ஒரு நாள் வந்துபோன ஒலிபெருக்கிக்காரர். மூன்றாம் நாள் அக்கா, "இவங்களையெல்லாம் தெரிஞ்சவரு ஒருத்தர்தான்," என்று சொல்லி லேப் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு வேலை இன்னும் ஆறு நாள் பாக்கி இருந்தது.

அவர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வியாழக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திரையில் விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனார், நான் தட்டிக்கொண்டே போனேன். அவர் இருக்கிற படம் வரும்போது மட்டும் பேசமாட்டார். நானாகவே அவர் பெயரைத் தட்டுவேன், அவர் அடுத்த படத்துக்குக் காத்திருப்பார். எண்ணிக்கை ஏறியது. நாற்பது. எழுபத்திரண்டு. நூற்றுப் பதினாறு. முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்தது பரிசளிப்பு விழாப் படம். முதல்வர் கோப்பை கொடுக்கிறார், இயக்குநர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஒரு மாணவி வாங்குகிறாள். மூன்று பெயர் போட்டுவிட்டு அடுத்ததற்கு நகரப் போனேன்.

"இரு," என்றார்.

"என்னண்ணே?"

வலது ஓரத்தைக் காட்டினார். படத்தின் விளிம்பில், பாதி வெட்டுப்பட்டு, ஒரு கை மட்டும். மேசை விரிப்பு பறக்காமல் நான்கு விரல் அதை அழுத்திப் பிடித்திருந்தது. "அது நான்தான்."

"கைக்குமா பேர் போடணும்?"

அவர் திரையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். "உன் இஷ்டம்," என்றார்.

அக்கா எழுதிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். நான் கட்டத்தைத் திறந்து அவர் பெயரை முழுதாக, முன்னெழுத்தோடு, தட்டினேன். நூற்றுப் பதினேழு. பிறகு முதல் படத்துக்குத் திரும்பிப் போய், இந்தத் தடவை ஓரங்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.